வீடியோ நடுவர் தேவையா?

கேள்வி: வீடியோ நடுவர் வந்தபின் கோல் விழுந்தாலும் துள்ள முடியவில்லை. திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இது ஆட்டத்தைக் கெடுக்கவில்லையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் 2024 ஜூன் 11 இரவு தோஹாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கால்பந்து உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று. இந்திய வீரர் சாங்தே அடித்த கோலால் கத்தாருக்கு எதிராக நாம் முன்னிலையில் இருந்தோம். 73-வது நிமிடம். நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கம்பத்துக்கு வெளியே எல்லைக்கோட்டை முழுசாகத் தாண்டிவிட்டது. கத்தார் வீரர்கள் அதைக் காலால் உள்ளே இழுத்து கோல் அடித்தார்கள். ஆட்டம் நின்றுவிட்டதென்றே நம் வீரர்கள் நினைத்தார்கள். நடுவர் கோல் கொடுத்தார். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் இல்லை. 2-1 என்று தோற்று வெளியேறினோம். இன்றும் ஆறவில்லை.

வீடியோ நடுவர் தலையிடுவது முக்கியமாக கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது ஆகியவற்றில்தான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தவறுகளுக்கு அது வேண்டும். கட்டைவிரல் அளவு ஆஃப்சைடுக்குக் கோடு போட்டு நிமிடக்கணக்கில் தேடுவதுதான் ஆட்டத்தைக் கொல்கிறது. அதை விட்டுவிடலாம். முடிவை மைதானத்தில் இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லவும் வேண்டும். 2023 பெண்கள் உலகக்கோப்பையில் நடுவர்கள் அப்படித்தான் அறிவித்தார்கள்.

நம்மூர் போட்டிகளுக்குக் கேமரா கட்டுப்படியாகாது. நடத்துபவர்கள் பரிசுத்தொகையில் கொஞ்சம் குறைத்து, பயிற்சி பெற்ற லைன் நடுவர்கள் இருவரை நிறுத்துங்கள்.