முழங்கால் படமும் முழங்கால் வலியும்



போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் சகோதரிகள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியாது. காய்ச்சரம் செடியின் தூரில், தரையோடு படர்ந்திருக்கும். செடிக்குச் செடி குனிந்தும் குத்தவைத்தும் நகரவேண்டும். பிறகு சுமையோடு சரிவில் இறங்கவேண்டும். அப்படி 30 வருஷம் உழைத்த ஓர் அம்மாள், "படத்துல ஒண்ணும் பெரிசா இல்லேங்கிறாங்க ஐயா. அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று என்னிடம் கேட்டார்கள். வீட்டிலும் கங்காணியிடமும் அந்த எக்ஸ்ரே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். இடைவெளி குறைந்திருப்பதைக் கொண்டே குருத்தெலும்பு தேய்ந்ததென்று ஊகிக்கிறார்கள். 1957-இல் இங்கிலாந்தில் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த 0 முதல் 4 வரையான படிகளே இன்றும் அதற்கு அளவுகோல். (இவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளையும் ஆராய்ந்தவர்கள். அவர்களும் மண்டியிட்டு உழைத்தவர்கள்தானே!) ஆனால் குருத்தெலும்பில் வலி நரம்பே இல்லை. வலி அதன் அடியிலுள்ள எலும்பிலும் மூட்டின் உள்சவ்விலும் எழும்புகிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஊரில், எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லாத, 50 வயது கடந்த 710 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி, 100-க்கு 89 பேரின் முழங்காலில் ஏதாவதொரு மாற்றம் இருந்தது. வலியில்லாதவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான்!

ஆயினும் ஸ்கேன் வீணல்ல. ஒரே ஆளை வெவ்வேறு காலங்களில் படமெடுத்துப் பார்த்தபோது, இரண்டு மாற்றங்கள் வலியோடு சேர்ந்தே ஏறி இறங்கின. ஒன்று, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் வீக்கம் போன்ற பாதிப்பு; மற்றொன்று, உள்சவ்வின் அழற்சியும் நீர் கோர்ப்பும். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வது அரிது. இவையோ கூடவும் குறையவும் கூடியவை.

குரங்கணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கதை இதற்கு நேர்மாறு. 4-ஆம் படி என்று கேள்விப்பட்டதும் பயந்து நடப்பதையே விட்டுவிட்டார். தொடைத்தசை மெலிந்து வலி அதிகமாயிற்று. இப்போது நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்து, கோவில் படி ஏறுகிறார். படம் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தாலும் அதே 4-ஆம் படியாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாளுக்கு, குத்தவைக்கும் வேலை கூடாதென்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்தக் காய்ப்பருவத்தில் ஸ்டோரில் பெஞ்சில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார்கள்.