பெர்சிமன்: வெட்டவா, விட்டுவைக்கவா?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வீட்டை ஒட்டி ஒரு பெர்சிமன் ஒட்டுக்கன்று நட்டு இது 6-ஆம் வருடம். தேயிலைக்கு உரம் போடும்போது இதற்கும் இரண்டு கை யூரியா போடுவோம். இரண்டு வருடத்துக்கு முன் கிளைகள் தாறுமாறாக இருக்கிறதே என்று நுனிகளையெல்லாம் ஒரே மட்டமாகக் கவாத்து செய்தோம். அடுத்த பருவத்தில் மரம் பூக்கவே இல்லை. இந்த வருடம் மார்ச்சில் பூத்தது. ஆனால் மே மாதத்துக்குள் பிஞ்சில் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. தப்பித்த காய்கள் நுனி கூம்பி, நல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்தன. பறித்துக் கடித்தால் வாய்க்குள் பஞ்சை அடைத்தது போல ஆகிவிட்டது. பிள்ளைகள் துப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் மரத்தை வெட்டிவிட்டுப் பேரி வைக்கலாம் என்கிறார். இதற்கிடையில் மதுரையில் இருக்கும் என் தங்கை, தனக்கும் ஒரு கன்று வேண்டும் என்கிறாள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, மரத்தை வெட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மரத்துக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் குணம் தெரியாமல் தேயிலைச் செடி போல அதை நடத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் பிள்ளைகள் துப்பிய பழத்துக்கு வருகிறேன். பெர்சிமனில் இரண்டு சாதி உண்டு. தக்காளி போலத் தட்டையாக இருப்பது ஒன்று. ஃபுயூ, ஜிரோ எல்லாம் இந்த வகை. நிறம் வந்ததும் ஆப்பிள் மாதிரி நறுக்கிச் சாப்பிடலாம். நுனி கூம்பி இருப்பது இன்னொன்று; ஹச்சியா இந்த வகை. நீங்கள் சொல்லும் வடிவத்தைப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாவது சாதிதான். இதில் நிறம் வந்துவிட்டால் பழுத்துவிட்டது என்று பொருள் இல்லை. கெட்டியாக இருக்கும்வரை சதைக்குள் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரையும் நிலையில் இருக்கிறது. கடித்தவுடன் அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கு வறண்டு இழுப்பது அதனால்தான். பழம் கனியக் கனிய அந்த டானின் உறைந்து, எச்சிலில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. பழத்தை விட்டு அது எங்கும் போவதில்லை. நாக்குக்குத்தான் தெரியாமல் போகிறது. பாலோடு இருக்கும் சப்போட்டாக் காயைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல.

ஆகவே காயை முழு நிறம் வந்ததும் கெட்டியாகவே பறியுங்கள். கையால் திருகி இழுக்க வேண்டாம். காம்பில் ஒட்டியிருக்கும் நான்கு இதழ்ப் பச்சைத் தொப்பி பழத்தோடு வரும்படி கத்தரியால் வெட்டுங்கள். அந்தத் தொப்பி பிய்ந்தால் அந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். பறித்ததை அரிசிப் பானையிலோ மூடிய டப்பாவிலோ, இரண்டு பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்து வையுங்கள். வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு இதையும் பழுக்க வைக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். தோல் கண்ணாடி போல மின்னி, உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூனைத் தொடுவது போல விரல் அமுங்க வேண்டும். அதுதான் பதம். தொப்பியைக் கிள்ளி எடுத்துவிட்டு ஒரு ஸ்பூனால் வழித்துச் சாப்பிடுங்கள். தேனும் நுங்கும் கலந்த மாதிரி இருக்கும். அவசரமென்றால் ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து எடுத்து இளகவிடலாம்; துவர்ப்பு பெருமளவு அடங்கிவிடும். ஜப்பானில் இதே சாதிக் காயைத் தோல் சீவி, கயிற்றில் கட்டி, வாரக்கணக்கில் காற்றில் உலர்த்துகிறார்கள். மேலே வெள்ளையாகப் பூக்கும் பொடி பூஞ்சணம் அல்ல. பழத்தின் சொந்தச் சர்க்கரை. நீலகிரி மழைக்காலத்தில் அந்த வேலை சரிப்படாது, வெறும் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: துவர்க்கிற காயை வெறும் வயிற்றில் நிறையச் சாப்பிடக் கூடாது. டானின் வயிற்றுக்குள் கட்டியாகத் திரண்டுவிடக்கூடும். வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தப் பழத்தைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்து, பூக்காத வருடம். தேயிலையில் தளிர்தான் நமக்கு வேண்டும். அதனால் மட்டமாக வெட்டுகிறோம். பெர்சிமனில் கதை வேறு. போன வருடத்துக் கிளையின் நுனியை ஒட்டிய மொட்டுகளிலிருந்து இந்த வருடத் தளிர் கிளம்பும்; அந்தத் தளிரில்தான் பூ வரும். நுனியை வெட்டினால் அடுத்த பருவத்துப் பூவை வெட்டியதாகிவிடும். இனி டிசம்பர், ஜனவரியில் இலை கொட்டிய பிறகு, காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்பக்கம் நோக்கிப் போவது ஆகிய கிளைகளை மட்டும் அடியோடு எடுங்கள். மற்ற நுனிகளைத் தொட வேண்டாம்.

பிஞ்சு உதிர்வதற்கு யூரியாவைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். தழைச்சத்து மிதமிஞ்சினால் மரம் இலையும் கொப்புமாகக் கொழிக்கும், பிஞ்சைக் கழற்றிவிடும். இதற்கு இனி யூரியா வேண்டாம். பருவத் தொடக்கத்தில் இரண்டு கூடை மட்கிய தொழுவுரம் போதும். இரண்டாவது காரணம் தண்ணீர். மார்ச் முதல் மே வரை மண் காய்ந்து கிடந்து, திடீரென்று கோடை மழை கொட்டினாலும் பிஞ்சு உதிரும். அந்த மூன்று மாதமும் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, அடியில் சருகு மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். சில்வர் ஓக் நிழல் மரத்தின் மேல் விழுகிறதா என்றும் பாருங்கள். வெயில் குறைந்தாலும் காய் நிற்காது. இதையெல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். இளம் மரம் தன்னால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் வைத்துக்கொள்ளும். துணைக்கு இன்னொரு மரம் நட வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம். பெரும்பாலான வகைகள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதையற்ற காய் பிடிக்கும்.

கெட்டியாகப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் பக்கத்தில் பழ வாசனைக்குக் கரடி வாசல்வரை வரும் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்தில் கனியவிட வேண்டாம். கீழே விழுந்ததை அன்றன்றே பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். இது பழத்துக்காக மட்டுமல்ல, பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்காகவும் சொல்கிறேன்.

தங்கைக்கு என் பதில்: மதுரையில் வேண்டாம். இந்த மரம் குளிரில் இலை உதிர்த்துத் தூங்கி எழ வேண்டும். வகையைப் பொறுத்து 100 மணி நேரத்துக்கும் மேல் 7 டிகிரிக்குக் கீழான குளிர் தேவை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இது காய்ப்பது அந்த உயரத்துக் குளிரால்தான். மதுரையில் அப்படி ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. அவர் சப்போட்டா வைக்கட்டும். நம் சமவெளியிலும் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆற்றோரத்துப் பனிச்சை இதன் உறவு. பீடி சுற்றும் இலையும் இதே இனத்து மரத்தில்தான் பறிக்கிறார்கள். பனிச்சங்காயின் பசையைப் படகின் இடுக்கை அடைக்கப் பூசியவர்கள் நம் ஆட்கள். பெர்சிமன் காயின் சாற்றைக் காகிதத்துக்கும் மீன்வலைக்கும் பூசியவர்கள் ஜப்பானியர்கள். பிள்ளைகள் துப்பிய அதே துவர்ப்புத்தான் இரண்டு ஊரிலும் தண்ணீரைத் தடுத்திருக்கிறது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெர்சிமன் பல பத்தாண்டுகள் காய்க்கும் மரம். உங்களுடையதற்கு வயது 6 தான். யூரியாவை நிறுத்தி, நுனியைத் தொடாமல், கோடையில் தண்ணீர் விட்டு இரண்டு பருவம் பாருங்கள். அடுத்த ஆவணியில் நன்றாகக் குழைந்த ஒரு பழத்தை முதலில் வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். மரத்தை வெட்டுவதா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.