மறுபடி மறுபடி பூட்டிக்கொள்ளும் கணக்கு

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, ஏலக்காய் வியாபார அலுவலகங்களில் கணிப்பொறி பார்க்கும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது: "சார், பூட்டை எடுத்துவிட்டேன், பத்தே நிமிஷத்தில் மறுபடி பூட்டிக்கொள்கிறதே, ஏன்?"

ஆரக்கிள் டேட்டாபேஸில் தொடர்ந்து 10 முறை தப்பான பாஸ்வேர்டு போனால் கணக்கு பூட்டப்படும். 2005-இல் வெளிவந்த 10ஜி இரண்டாம் பதிப்பு முதல் இதுவே வழக்கம். பிறகு சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் 28000 என்ற பிழை எண்தான் வரும். 11ஜி முதல், ஒரு நாள் கழிந்தால் தானே திறக்கும். சரக்குக் கப்பல் அதுவரை காத்திருக்குமா?

பெரும்பாலும் காரணம் மனிதர் அல்ல. முதலாளி பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்; கிடங்கிலுள்ள இன்னொரு கணிப்பொறியில் ஓடும் புரோகிராம் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே, பூட்டை முதலில் எடுப்பது வீண். நான் சொல்லித்தரும் வரிசை இது:

1. தணிக்கைப் பதிவைப் பாருங்கள். 1017 என்றால் தப்பான பாஸ்வேர்டு. 28000 என்றால் பூட்டிய பின்னும் தட்டியது. நேரமும் கணிப்பொறியின் பெயரும் அங்கேயே இருக்கும்.
2. அந்தக் கணிப்பொறியில் புரோகிராமை நிறுத்தி, புதிய பாஸ்வேர்டைப் பதியுங்கள்.
3. அதன் பிறகே பூட்டை எடுங்கள்.

தொல்லை தீரட்டும் என்று சிலர் 10 என்ற வரம்பையே நீக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் திருடன் ஆயிரம் சாவி போட்டுப் பார்க்கலாம். பதிவில் தெரியும் கணிப்பொறி நம்முடையதல்ல என்றால், பூட்டு அப்படியே இருக்கட்டும். முதலில் முதலாளியிடம் சொல்லுங்கள்.