கூதிர் காலத்தில் கதை எழுதும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உன் கதை வந்து சேர்ந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் நடக்கிற அந்தச் சண்டை உண்மையாக இருக்கிறது. பேச்சு எழுத உனக்கு நன்றாக வருகிறது. அது எல்லோருக்கும் அமைவதில்லை. ஆகவே அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேறொன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கதை மன்னார்குடியில் அக்டோபர் மாதம் நடக்கிறது. கோபித்துக்கொண்டு மகள் வெளியே வருகிறாள். மஞ்சளும் சிவப்புமாக இலைகள் உதிர்ந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் நடக்க நடக்க அவள் மனம் லேசாகிறது. மன்னார்குடியில் ஐப்பசி மாதம் எந்த மரம் அப்படிச் சிவந்து உதிர்கிறது? நம் பக்கத்து அரசும் இலுப்பையும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் வாசற்படி இறங்கினால் காலில் படுவது சேறு. இந்தத் தவறை ஒரு நொடியில் திருத்திவிடலாம். பெரிய குறை வேறு: அந்த இலைகளை மொத்தமாகக் கூட்டி அள்ளிவிட்டாலும் உன் கதைக்கு ஒன்றும் ஆகாது. இலை அங்கே சும்மா கிடக்கிறது.

இலை வேலை செய்கிற கதை ஒன்று உனக்குத் தெரிந்திருக்கும். ஓ. ஹென்றியின் ‘கடைசி இலை’. 1907இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. நியூயார்க்கில் ஓவியர்கள் வாழும் பகுதி. நவம்பர் மாதக் குளிரோடு நிமோனியா வருகிறது. படுக்கையில் கிடக்கும் பெண், எதிர்ச் சுவரில் படர்ந்த கொடியின் இலைகளை எண்ணுகிறாள். கடைசி இலை விழும்போது தானும் போய்விடுவோம் என்று நம்புகிறாள். மழையும் காற்றுமாக அடித்த ஓர் இரவுக்குப் பிறகும் ஓர் இலை மட்டும் விழாமல் நிற்கிறது. அந்த இரவில் சுவரிலே அதை வரைந்து வைத்த கிழட்டு ஓவியர், நனைந்ததால் நோய் கண்டு இறந்துபோகிறார். நோயைக் கொண்டுவந்தது பருவம். நாளைக் குறைத்துக்கொண்டே வந்தது பருவம். காப்பாற்றியவரைக் கொன்றதும் அதே பருவம். இந்தக் கதையை மே மாதத்துக்கு மாற்றிப் பார். ஒரு பக்கம்கூட நகராது.

இதையே உன் கதைக்குச் சோதனையாக வைத்துக்கொள். கதையை வேறொரு மாதத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. எதுவும் உடையவில்லை என்றால், பருவம் இன்னும் கதைக்குள் வரவில்லை.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு இலையின் நிறம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றும் யோசி. பகல் குறையக் குறைய, இலையில் பச்சையம் சிதைகிறது. அதுவரை அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்கள் சிவப்பைப் புதிதாகவே உண்டாக்குகின்றன. பிறகு காம்பு துண்டிக்கப்படுகிறது. மண் உறைந்தால் வேருக்கு நீர் கிடைக்காது என்பதால் மரம் செய்துகொள்ளும் முன்னேற்பாடு இது. மனிதனுக்கும் அது எச்சரிக்கை: தானியம் சேர்த்தாயா? விறகு அடுக்கினாயா? அதனால்தான் அந்த நிறத்தில் அழகும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. பருவம் மாறுவதைச் சொல்லக் கிரேக்கர்கள் ஒரு தாய்-மகள் கதையையே கட்டினார்கள். தானியங்களின் தெய்வமான டிமீட்டரின் மகள் பெர்செஃபோனியைப் பாதாள அரசன் கவர்ந்து போகிறான். தாயின் துயரத்தில் நிலம் விளைய மறுக்கிறது. மகள் மீண்டு வந்தாலும், அங்கே மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால் வருஷத்தில் ஒரு பகுதி பாதாளத்தில் இருந்தாக வேண்டும். அவள் இல்லாத மாதங்கள் பூமி வெறுமையாகிவிடும். உன் கதையும் தாய்-மகள் கதைதான் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி நம்முடைய அக்டோபருக்கு வருவோம். காற்று திசை மாறுகிற மாதம் அது. தென்மேற்குக் காற்று பின்வாங்கி, வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு காற்று வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் நம் முன்னோர் கூதிர் என்றார்கள். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் ‘முதற்பொருள்’ என்று வைக்கிறது. மரம், பறவை, தொழில் எல்லாம் அதற்கு அடுத்துக் கருப்பொருளாக வருகின்றன. மனிதர்களின் பிரிவும் சேர்க்கையும் காத்திருப்பும் உரிப்பொருள். இலக்கணமாகப் படித்தால் தேர்வோடு மறந்துபோகும். எழுதுகிறவளாகப் படித்தால் அது தொழில் பாடம்: எங்கே, எப்போது என்று முடிவு செய்யாமல் யார், என்ன என்று எழுதத் தொடங்காதே.

அந்தப் பாடத்தைச் செய்துகாட்டிய சங்கப் பாட்டு நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது, 188 அடிதான். மழையும் குளிரும் எவ்வளவு கடுமை என்று அவர் அடுக்கிக்கொண்டிருக்கவில்லை. யார் என்ன செய்கிறார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று காட்டிக்கொண்டே போகிறார். ஆயர்கள் வெள்ளத்துக்குப் பயந்து மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போய், நெருப்பில் காய்ச்சிய கையைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. புறா இரை தேடப் போகாமல், இரவா பகலா என்று தெரியாமல், இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி நிற்கிறது. சூரியன் தெரியாததால் பெண்கள் தட்டில் பிச்சி மொட்டுகளை வைத்து, அவை விரிவதைக் கொண்டு மாலை வந்ததென்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. குளிர்ந்த நீருக்கான செப்பை யாரும் தொடுவதில்லை. மடக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது.

அந்த விசிறியைக் கவனி, பாப்பா. குளிர் என்ற சொல்லே தேவைப்படவில்லை. சிலந்தி வலை கட்டும் அளவுக்கு விசிறி ஓய்ந்திருக்கிறது என்றால், குளிர் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. இவ்வளவும் கட்டிய பிறகுதான் நக்கீரர் அரண்மனைக்குள் போகிறார். அரசி தூங்காமல் கிடக்கிறாள். அரசனோ பாசறையில், காற்றில் விளக்குச் சுடர் சாய்ந்தாட, நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். வாடை இரண்டு இடத்திலும் அடிக்கிறது. இருவரும் சந்திப்பதே இல்லை.

பருவம் கதையில் செய்கிற இன்னொரு வேலை, கெடு வைப்பது. முல்லைப்பாட்டில் போருக்குப் போன அரசன் கார்காலத்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போய் நெல்லும் முல்லைப் பூவும் தூவி நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர்குலச் சிறுமி, குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு, தாயைத் தேடும் கன்றிடம் இதோ உன் அம்மா வந்துவிடுவாள் என்று தேற்றிக்கொண்டிருக்கிறாள். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு வந்து அரசியிடம் சொல்கிறார்கள். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் ஒரு தோழி இன்னும் துணிச்சல்காரி. கார்காலம் வந்ததற்குச் சாட்சியாகக் கொன்றை பூத்து நிற்கிறது. அவளோ, இது காலம் தப்பிப் பெய்த மழை, இதை நம்பிப் பூத்த கொன்றைதான் முட்டாள் என்கிறாள். தலைவியின் மனம் உடையாமலிருக்க ஒரு மரத்தின் மீதே பழி போடுகிறாள். அந்தப் பொய்யைத் தலைவி நம்பினாளா, நம்புவதுபோல் இருந்தாளா? பாட்டு அதைச் சொல்வதில்லை. அந்த இடத்தில் நீ ஒரு முழுச் சிறுகதை எழுதலாம்.

இதெல்லாம் பழைய காலம் என்று நினைத்துவிடாதே. சென்னையில் கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் ஓரத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். 2015 வெள்ளத்தை மறக்காதவர்கள். ஆயர்கள் மாட்டை மேட்டுக்கு ஓட்டினார்கள். இவர்கள் காரை மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். நக்கீரர் இருந்தால் இதை விட்டிருக்க மாட்டார்.

நீ இருப்பதோ டெல்டாவில். கூதிர் காலத்தில் உன்னைச் சுற்றி இருக்கும் கதைகளை எண்ணிப் பார். குறுவை அறுத்துக் களத்திலும் சாலையிலும் நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை. அந்த வரம்பைத் தளர்த்தி அறிவிப்பு வரும்வரை குவியலுக்குக் காவல் இருக்க வேண்டும். பக்கத்து வயலில் நட்ட சம்பாவுக்கோ அந்த மழைதான் உயிர். ஒரே மேகத்தைப் பார்த்து ஒருவர் கும்பிடுகிறார், இன்னொருவர் சபிக்கிறார். இருவரும் அண்ணன் தம்பியாக இருந்தால்? கார்த்திகைத் தீபத்துக்கு அகல் செய்கிற வேளார் வீட்டைப் பார். அகல் விற்பனையாகும் மாதமும், அதைக் காயவைக்க வெயில் இல்லாத மாதமும் ஒன்றுதான். குழித்தறி வீடுகளில் குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்ட முடியவில்லை. அதே நேரத்தில் தீபாவளிக்கும் அதன் பின்வரும் முகூர்த்தங்களுக்கும் சேலை கேட்டு ஆள் வருகிறது. வேதாரண்யத்தில் உப்புப் பாத்திகளில் மழைநீர் நிற்க, உப்பு வாருகிறவர்களுக்கு வேலை நின்றுவிடுகிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கோடியக்கரைக்குப் பூநாரைகள் வந்து இறங்கத் தொடங்குகின்றன. வேலையிழந்தவர் ஒருவர் அந்தப் பறவைகளை எப்படிப் பார்ப்பார் என்று எழுதிப் பார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்தது. உனக்கு அது சின்ன வயசு ஞாபகமாக இருக்கும். புயல் அடித்த இரவை எழுதத்தான் எல்லோருக்கும் கை வரும். புயல் ஒரு நாள். புதிதாக வைத்த தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம். அந்த வருஷங்களில் ஒவ்வோர் ஐப்பசி பிறக்கும்போதும் அந்த வீட்டில் காற்றின் சத்தத்தை யார் எப்படிக் கேட்கிறார்கள்? கதை அங்கே இருக்கிறது. பருவம் திரும்பத் திரும்ப வரும் என்பதால் அது ஞாபகத்தையும் திரும்பக் கொண்டுவருகிறது. தேதி செய்யாத வேலை அது.

ஓர் எச்சரிக்கை. பாத்திரம் அழும்போது மழையைப் பெய்ய வைக்காதே. சினிமா அதைச் செய்து தீர்த்துவிட்டது. மண்வாசனையையும் ஜன்னல் கம்பியில் தொங்கும் துளியையும் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கி வை. மழை யாருடைய மனசுக்காகவும் பெய்வதில்லை. கல்யாண வீட்டிலும் பெய்யும், சாவு வீட்டிலும் பெய்யும். அது யாருடைய எந்தக் காரியத்தைக் கெடுத்தது, யாரை எங்கே நிறுத்தி வைத்தது என்று பார்.

உன் கதையையே எடுத்துக்கொள்வோம். மகள் கோபித்துக்கொண்டு வெளியே போகிறாள். இலைக்குப் பதில் மழையை வை. போக முடியாது. திண்ணையோடு நிற்கிறாள். களத்தில் நெல் கிடக்கிறது. அப்பா ஊரில் இல்லை. அம்மா தனியாகத் தார்ப்பாயை இழுக்கிறாள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை காற்றில் பறக்கிறது. கூப்பிட அம்மாவுக்கு வாய் வரவில்லை. போக மகளுக்கு மனசு வரவில்லை. நெல் நனைகிறது. இப்போது அவள் இறங்குவாளா? இறங்கினால் அந்தத் தார்ப்பாயின் இரண்டு முனைகளில் நின்று இருவரும் என்ன பேசுவார்கள்? சமாதானம் ஆகிவிட வேண்டாம். கல்லைத் தூக்கி வை, அந்தப் பக்கம் இழு என்று வேலைப் பேச்சு மட்டும் பேசட்டும். உனக்குத்தான் பேச்சு எழுத வருமே. இந்தக் காட்சியைச் சித்திரைக்கு மாற்றிப் பார், முடியாது. இனி பருவம் உன் கதைக்குள் இருக்கிறது.

ஒரு நோட்டு வாங்கிக்கொள். இந்த மழைக்காலம் முடியும்வரை எழுது. வர்ணனை வேண்டாம். இன்று எந்த வேலை நின்றது, எது தொடங்கியது, யார் யாருக்காகக் காத்திருந்தார், யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று மட்டும் குறி. பருவம் திரும்பும் நாட்களை விட்டுவிடாதே: முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசல், குடை ரிப்பேர்க்காரர் வந்து உட்காரும் நாள், பரணிலிருந்து கம்பளி இறங்கும் நாள். ஒரு வழக்கம் இன்னொன்றுக்கு இடம் விடுகிற அந்தச் சில நாட்களில் மனிதர்களும் கொஞ்சம் நிலை மாறுகிறார்கள். நோட்டு நிரம்பியதும் நெடுநல்வாடையை எடுத்து மெதுவாகப் படி. அது அடங்கிய பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சா. 1889இல் பதிப்பித்தார். இன்று எளிய உரைகளும் நிறையக் கிடைக்கின்றன. நூலகத்தில் கேட்டுப் பார்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். அகல் செய்கிற வீடு உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று தாத்தாவிடம் கேட்டு, மழை விடும்போது போய்விட்டு வா. வெயில் இல்லாத நாளில் அகலை எப்படிக் காயவைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. கார்த்திகை போய்விட்டால் அந்தப் பதில் கிடைக்க இன்னொரு வருஷம் ஆகும்.

அன்புடன்,
மாமா