பதினாறு அணிகள், எட்டு லாபிகள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மின்னஞ்சல் வந்தது. ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வேலரன்ட் வீடியோ கேம் டோர்னமென்ட் நடத்தப் போகிறாய், 16 அணிகள் பெயர் கொடுத்துவிட்டன என்பதெல்லாம் சந்தோஷம். போஸ்டரும் பார்வையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் எழுதியிருந்தாயே, "நாக்-அவுட் போதும் சார், நல்ல டீம் எப்படியும் ஃபைனலுக்கு வந்துரும்" என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் நிகழ்தகவு படித்தவன் எழுதுகிற வரியா இது?

முதல் நல்ல அணி வரும். இரண்டாவது நல்ல அணி? வலுவான அணிதான் எப்போதும் ஜெயிக்கும், அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்று உனக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி அட்டவணை போடுகிறாய். முதல் அணி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் 15 இடம். அதில் 7 அதே பாதியில், 8 எதிர்ப் பாதியில். இரண்டாவது அணியின் சீட்டு அந்த 8-ல் விழுந்தால்தான் ஃபைனல். 15-க்கு 8, கிட்டத்தட்ட பூவா தலையா. முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் மாட்டிக்கொண்டால், காலையிலேயே ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஐந்து பேரும் கிளம்ப வேண்டியதுதான். ரன்னர்-அப் கோப்பையை அவர்களைவிடச் சுமாரான யாரோ வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்தக் கணக்கை 1883-லேயே ஒருவர் போட்டுவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் சொல்லிக்கொடுத்த சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற பெயரில் ஆலிஸ் கதை எழுதினாரே, அவரேதான். புல்தரை டென்னிஸ் போட்டிகளில் பரிசு பிரிக்கும் முறை அநியாயம் என்று ஒரு சிறு நூலே போட்டார். 32 பேர் ஆடும் நாக்-அவுட்டில் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு அவருக்குரிய பரிசு கிடைக்க 31-க்கு 16 தான் வாய்ப்பு என்று காட்டினார். ஆலிஸ் கதையில் எல்லாரும் இஷ்டத்துக்கு ஓடி, கடைசியில் எல்லாருக்கும் பரிசு கொடுக்கிற ஓட்டப்பந்தயம் ஒன்று வரும். அதை எழுதியவரேதான் இதையும் எழுதினார். பரிசு என்ற விஷயம் அவரை விடவேயில்லை போலிருக்கிறது. நான் அந்தக் கதையை ரசித்ததைவிட இந்த நூலைத்தான் அதிகம் ரசித்தேன். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அவர் சொன்ன மாற்று முறை இது. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அவரைவிட மேலானவர்கள் யார் என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். நேரடியாக வென்றவர் மேலானவர். அந்த வென்றவரை வென்றவரும் மேலானவரே. மூன்று பரிசு உண்டு என்றால், தனக்கு மேலே மூன்று பேர் சேர்ந்த பிறகுதான் ஒருவர் வெளியேற வேண்டும். முதல் சுற்றில் தோற்றதுமே யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இப்போது 2023 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியின் ஸ்விஸ் கட்டத்தை எடுத்துக்கொள். 16 அணிகள், மூன்று வெற்றி பெற்றால் அடுத்த கட்டம், மூன்று தோல்வி கண்டால் வெளியே. அதே மூன்று! ஸ்விஸ் முறைக்கு டாட்ஜ்சன்தான் மூலம் என்றால் செஸ்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது 1895-ல் சூரிச்சில் யூலியஸ் முல்லர் கொண்டுவந்தது என்பார்கள். சரித்திரம் அவர்கள் பக்கம்தான். ஆனாலும் இதற்கெல்லாம் பாட்டனார் டாட்ஜ்சன் என்பது என் கட்சி. மாற்றிக்கொள்வதாக இல்லை.

ஸ்விஸ் உனக்குப் புதிதில்லை. 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் 11 சுற்றும் அதுதான். ஜெயித்தவர்கள் ஜெயித்தவர்களோடும், தோற்றவர்கள் தோற்றவர்களோடும் மோத வேண்டும். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக்கூடாது. "அதுக்கு மேட்ச் அதிகமாகுமே சார்" என்பாய். ஆகும். நாக்-அவுட்டுக்கு 15 ஆட்டம், நாலு சுற்று ஸ்விஸ்ஸுக்கு 32. இங்கேதான் நீ, உன் நண்பர்கள், உங்களுக்கு ஐடியா கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறீர்கள். ஊர்க் கபடிக்கு ஒரே ஆடுகளம், ஒரு ஆட்டம் முடிந்தால்தான் அடுத்தது. அங்கே ஆட்டத்தின் எண்ணிக்கைதான் நேரம். நாக்-அவுட் அந்தக் கஷ்டத்துக்குப் பிறந்த வழி. உனக்கு எந்த ஆடுகளம் தட்டுப்பாடு? எட்டு கஸ்டம் லாபி, அதாவது எட்டுத் தனி ஆட்ட அறை, திறந்தால் எட்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும். உனக்கு நேரம் என்பது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே. நாக்-அவுட்டுக்கும் நாலு சுற்று, ஸ்விஸ்ஸுக்கும் நாலு சுற்று. அதே ஞாயிற்றுக்கிழமையில் 16 அணியும் நாலு ஆட்டம் ஆடிவிட்டுப் போகும். இல்லாத மைதானத் தட்டுப்பாட்டுக்காக எட்டு அணியை முதல் சுற்றோடு துரத்துவது என்ன நியாயம்?

முடிவில் கணக்கு இப்படி நிற்கும்: நாலு வெற்றியோடு ஓர் அணி, மூன்று வெற்றியோடு நாலு, இரண்டோடு ஆறு, ஒன்றோடு நாலு, ஒன்றுமில்லாமல் ஒன்று. அதற்கு மேல் இரண்டு சுற்று கூட்டி அரையிறுதி, ஃபைனல் வைப்பதென்றால் நாலு அணி வேண்டும், தகுதியோடு நிற்பது ஐந்து. ஒன்றைக் கழிக்கப் புக்ஹோல்ஸ் முறையை எடுத்துக்கொள்: மூன்று வெற்றி பெற்ற ஒவ்வோர் அணியும் மோதிய எதிராளிகள் பெற்ற வெற்றிகளைக் கூட்டு, குறைவாக வருவது வெளியே. எளிய எதிராளிகள் கிடைக்கட்டும் என்று ஆரம்பத்தில் வேண்டுமென்றே பின்தங்கும் தந்திரம் செஸ்ஸில் உண்டு. அதற்கும் இது ஒரு கடிவாளம். அரையிறுதியையும் ஃபைனலையும் அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்.

பிரிவு பிரிவாக லீக் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸை நினைவூட்டு. மகளிர் இரட்டையர் பாட்மின்டனில், நாக்-அவுட்டில் வசதியான எதிராளி கிடைப்பதற்காகத் தோற்கப் பார்த்த நாலு ஜோடிகளைத் தகுதிநீக்கம் செய்தார்கள். சீனா ஒன்று, இந்தோனேசியா ஒன்று, தென் கொரியா இரண்டு. இறகுப்பந்தை வலையில் அடிப்பதும் வெளியே அடிப்பதுமாக அந்த ஆட்டம் பார்க்கச் சகிக்காது. எல்லாரும் அந்தப் பெண்களைத் திட்டினார்கள். தோற்றால் லாபம் வருகிற மாதிரி அட்டவணை போட்டவர்களையும் சேர்த்துத் திட்டியிருக்க வேண்டும்.

தர வரிசை பார்த்து அட்டவணை போடலாம் என்றும் எழுதியிருந்தாய். அயர்ன், கோல்டு, ரேடியன்ட் எல்லாம் தனி ஆளின் ரேங்க்; ஐந்து பேர் சேர்ந்து ஆடினால் எப்படி என்பதை அது சொல்லாது. போதாததற்கு இன்னொரு ஐடியில் சின்னப் பையன் மாதிரி வந்து உட்காரும் கெட்டிக்காரர்கள் வேறு. முதல் சுற்றுக்குச் சீட்டே போடு; அடுத்த சுற்றிலிருந்து வெற்றி தோல்வியே வரிசைப்படுத்திவிடும்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். நெட் போனால் எத்தனை நிமிடம் காத்திருப்பது, நேரத்துக்கு வராத அணிக்கு எப்போது வாக்-ஓவர், மாற்று ஆள் யார் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி எல்லா கேப்டன்களிடமும் ஒப்புதல் வாங்கு. மும்பை சர்வர்தான் என்று சொல்லிவிடு. ஓவர்டைமில் இழுத்துக்கொண்டே போகும் ஆட்டம் ஒன்று நிச்சயம் இருக்கும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடு. முடிவைச் சொல்ல ஸ்கோர்போர்டு ஸ்கிரீன்ஷாட் மட்டுமே, வாய்ப்பேச்சு செல்லாது. சர்ச்சை வந்தால் தீர்ப்புச் சொல்ல, ஆடாத ஒருவர் வேண்டும். நீ ஆடுவதாக இருந்தால் அந்த ஆள் நீ இல்லை.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நூறு என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்திருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க உனக்கு ஒரு அவசியமும் இல்லை. வேலரன்டை உருவாக்கிய ரயட் நிறுவனமே சமூகப் போட்டிகளுக்கென்று விதிகள் வெளியிட்டிருக்கிறது. முதலில் அதைப் படி. கோப்பைச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அட்டவணையை மாற்றி எனக்கு அனுப்பிவிட்டு அப்புறம் போஸ்டரை ஒட்டு.

அன்புடன்,
உன் கணக்கு வாத்தியார்