தாளில் வெட்டுவோம், துணியில் தைப்போம்

1877ஆம் ஆண்டிலே மெல்பேணுக்குத் தேனிலவுப் பயணமாக வந்த தம்பதியர் இருவர், இவ்வூர் பிடித்துப் போகவே இங்கேயே தங்கிவிட்டனர். மனைவியின் பெயர் யொஹானா வைகல். புரூசியாவிற் பிறந்த இவர், நியூயோர்க்கிலே மக்கோல் நிறுவனத்தில் ஆடை வடிவமைத்தவர். அடுத்த ஆண்டிலேயே தையலுக்குரிய மாதிரித் தாள்களை விற்கத் தொடங்கினார். 1880இல் அவர் ஆரம்பித்த ஆடைக்கலை இதழ் 1950 வரை வெளிவந்தது. ‘மடம் வைகல்’ தாள்களை வைத்து இந்நாட்டுத் தாய்மார் பல தலைமுறையாகத் தம் வீட்டிலேயே உடை தைத்தனர்.

அளவு வாரியான மாதிரித் தாளை 1863இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் விற்பனைக்குக் கொணர்ந்தவர் பட்டரிக் என்னும் தையற்காரர். ஆயினும் அச்சிட்ட அளவு எவருடைய உடலுக்கும் முற்றாகப் பொருந்துவதில்லை. 1926இல் சிட்னியிலே பேர்லி என்னும் உள்ளாடை நிறுவனம், பல்கலைக்கழக அறிஞரின் துணையோடு ஆயிரக்கணக்கான பெண்களை அளந்து, உடலமைப்பை ஐந்து வகையாகப் பிரித்தது. ஐந்தும் போதா என்பதை எந்தத் தையற்காரரும் சொல்வார். ஆதலால் தாளை நம் உடலுக்கேற்ப மாற்றக் கற்றல் வேண்டும்.

மாணவர்களே, இது பெரும்பாலும் எளிய கணக்கே. மார்புச் சுற்றில் 4 சென்ரிமீற்றர் கூட்ட வேண்டுமெனக் கொள்வோம். முன் துண்டும் பின் துண்டும் துணியை மடித்து வெட்டப்படுவன. தைத்து முடிந்த சட்டையிற் பக்க விளிம்புகள் நான்கு. எனவே தாளின் ஒவ்வொரு பக்க விளிம்பிலும் 1 சென்ரிமீற்றர் மட்டுமே கூட்டுதல் வேண்டும். நாலையும் ஒரே விளிம்பிற் கூட்டினால் சட்டை சாக்காகிவிடும்! பக்கத்தைக் கூட்டியவர் கையின் அடிவிளிம்புகளிலும் அதே அளவைக் கூட்ட மறத்தலாகாது. மறந்தால் கைத்துளையிற் கை பொருந்தாது.

நீளத்தை மாற்றுவதற்குக் கீழ் விளிம்பில் ஒட்டுப்போடுதல் சரியான முறையன்று. இடுப்பு வளைவு மேலேயே நின்றுவிடும். தாளில் இதற்கென இரட்டைக் கோடு அச்சிடப்பட்டிருக்கும். அக்கோட்டில் வெட்டி, வேண்டிய அளவு விலக்கி, அடியிலே வேறு தாளை ஒட்டி, பக்கக் கோட்டை ஒழுங்காக வரைக.

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். அம்மம்மாவின் பட்டுச்சேலை பல வீடுகளில் அலுமாரியிலே உறங்குகின்றது. அதை மகளுக்கு விழா உடையாக்க விரும்பும் தாய்மார், கத்தரியை எடுக்குமுன் சேலைக் கரையைக் கவனிக்க வேண்டும். கரை பாவு நூலோடு நீளவாட்டில் ஓடுவது. கடைத்தாளில் உள்ள அம்புக்குறியோ பாவு நூல் மேலிருந்து கீழாக அமையும்படி இடப்பட்டது. அவ்வாறே வைத்து வெட்டினால் கரை பாவாடையின் அடியில் வராது. பக்கவாட்டில் நெடுக நிற்கும். தாளைக் குறுக்காகத் திருப்பியே வைத்தல் வேண்டும். அடி வளைந்த விரிபாவாடைக்கு இதுவும் உதவாது. கரை நேரானது, வளையாது.

நம் பாவாடைக்கோ மாதிரித் தாளே தேவையில்லை. அது வெறும் நீள்சதுரம். இடுப்புச் சுற்று 60 சென்ரிமீற்றர் உள்ள சிறுமிக்குச் சேலையின் நீளத்தில் ஏறக்குறைய 1.8 மீற்றர் எடுத்துச் சுருக்கினால் அழகாக விழும். மேற்சட்டைக்கு மட்டும் கடைத்தாளை வாங்கித் திருத்தி, முந்தானையில் வெட்டலாம். இரண்டையும் இணைத்தால் இந்நாட்டுக் கடை எதிலும் கிடையாத உடையாகும். நைந்த பட்டாயின் மேற்சட்டைக்குப் பருத்தி உள்துணி கொடுத்தல் அவசியம்.

பட்டிற் கத்தரி பட்டால் மீட்சியில்லை. ஆகவே திருத்திய தாளை முதலிற் பழைய படுக்கை விரிப்பில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, பிள்ளைக்கு அணிந்து பாருங்கள். கையை உயர்த்தச் சொல்லுங்கள். நிலத்தில் இருக்கச் சொல்லுங்கள். இழுக்கும் இடத்தை ஊசியாற் குறித்து, அத்திருத்தத்தைத் தாளுக்கு மாற்றுங்கள். பிள்ளை வளர்வாளென்பதால் பக்க விளிம்புகளில் 3 சென்ரிமீற்றர் உள்ளே விடுக. நீளத்துக்குக் கரையை மடித்து மறைக்க வேண்டாம். பாவாடையின் மேற்பகுதியில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, உட்புறமாக ஒரு மடிப்புப் பிடித்துத் தையுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு அதைப் பிரித்துவிடலாம்.