தம்பிக்குள் இருக்கும் ‘தம்’

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோர ஊர் ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் ஐந்து தொடர்கள் எழுதச் சொன்னேன். வீட்டில் கன்னடம் பேசும் மாணவி ஒருத்தி, தனக்கு ஒரு ‘தம்ம’, ஒரு ‘தங்கி’ இருப்பதாக எழுதியிருந்தாள். இரண்டையும் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்திலிருந்த மாணவன் அதை உரக்கப் படிக்க, வகுப்பே சிரித்தது. அதன்பின் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்த வாரம் வேறொரு பாடத்துக்காகக் குறுந்தொகையைப் புரட்டியபோது 40ஆம் பாடல் கண்ணில் பட்டது. யாய், ஞாய், எந்தை, நுந்தை என்ற நான்கு முறைப்பெயர்களும் அதில் வருகின்றன. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை. நுந்தை உன் தந்தை. நான் அடித்த சிவப்புக் கோடு நினைவுக்கு வந்தது. மறுநாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

எம்: எந்தை, எம்பி, எங்கை
நும்: நுந்தை, நும்பி, நுங்கை
தம்: தந்தை, தம்பி, தங்கை

யாருடைய உறவு என்பதைப் பழந்தமிழ் முறைப்பெயரின் முதலிலேயே சொல்லிவிடும். ‘தம்பி’ என்றால் அவருடைய தம்பி. தமக்குப் பின் பிறந்தவன் என்று அதற்குப் பொருள் கூறுவர். தமையன், தமக்கை ஆகியவற்றிலும் அதே ‘தம்’ உண்டு. நாளடைவில் எம்பியும் நும்பியும் வழக்கொழிய, தம்பி மட்டும் பொதுச்சொல்லாய் நிலைத்தது. அதனால்தான் இன்று ‘என் தம்பி’ என்று மீண்டும் ஒரு ‘என்’ சேர்க்கிறோம். பாரதியாரின் நாட்டு வணக்கப் பாடல் ‘எந்தை’ என்றே தொடங்குவதையும் மாணவர்க்குக் காட்டலாம்.

மேல்வகுப்பு ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. சொல்லின் முதலில் குற்றியலுகரம் வருவதைத் தொல்காப்பியம் ஒரு முறைப்பெயருக்கு மட்டுமே சொல்கிறது. அது ‘நுந்தை’.

‘எம்’ என்பது பன்மையாயிற்றே, ஒருவனுக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒரு மாணவன் கேட்டான். “நீ வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மாவை எப்படிச் சொல்வாய்?” என்றேன். “எங்க அம்மா” என்றான். சொன்னதும் அவனுக்கே விளங்கிவிட்டது. எம், நும், தம் என்பவற்றின் இடத்தில் இன்று நம் பேச்சில் எங்க, உங்க, அவங்க வழங்குகின்றன.

பிறகு அந்த மாணவியை அழைத்து, வீட்டில் வழங்கும் சொற்களைப் பலகையில் எழுதச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்தாள். தந்தைக்கு நேரே ‘தந்தெ’, தம்பிக்கு நேரே ‘தம்ம’, தங்கைக்கு நேரே ‘தங்கி’ என்று எழுதினாள். தெலுங்கு பேசும் மாணவர்கள் எழுந்து வந்து ‘தண்ட்ரி’, ‘தம்முடு’ என்று சேர்த்தார்கள். எல்லாச் சொற்களும் ‘த’வில் தொடங்குவதை வகுப்பே கண்டுகொண்டது.

“அப்போ அவ எழுதினது தப்பு இல்லையா, சார்?” என்று கேட்டான், அன்று உரக்கப் படித்தவன்.

“தமிழில் எழுதும்போது தம்பி என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவள் சொல் தம்பியோடு கூடப் பிறந்தது. அதைப் பிழை என்று அடித்தது என் தவறு” என்றேன். அவள் ஏட்டை வாங்கி, சிவப்புக் கோட்டின் அருகே ‘தம்ம – கன்னடம், தம்பி – தமிழ்’ என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பாடவேளையில் முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

தொடக்க வகுப்புகளில் ‘எங்க, உங்க, அவங்க’ என மூன்று நிரல் வரைந்தாலே இப்பயிற்சிக்குப் போதும். வீட்டுமொழி வேறாக உள்ள குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால், நான்காவது நிரல் ஒன்றையும் அக்குழந்தைக்காக வரையுங்கள்.